எட்டாவது வரி

ஜனவரி 12

மகளே,

இதை எழுதுவது நான்தான். அம்மா சொல்லச் சொல்ல யாரோ எழுதியது என்று நினைத்துவிடாதே. எழுத்தைப் பார்த்தாலே தெரியும். வரிசையில் நிற்கத் தெரியாத கூட்டம் போல ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கும். எழுபது வயதில் இதுதான் என் முதல் கடிதம். இந்த இடம் வரைக்கும் வர ஒரு முழுக் காலை ஆனது. டீ ஆறிப்போனது. அம்மா இரண்டாவது டீ வைத்தாள். அதுவும் ஆறிப்போனது. "லவ் லெட்டரா எழுதுறீங்க, இவ்வளவு நேரம்?" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

நூலக மாடியில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு நடக்கிறது. பதினொரு மாதமாகப் போகிறேன். உன்னிடம் சொல்லக்கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். ஒரு விஷயத்தை அவள் பதினொரு மாதம் வாய்க்குள் வைத்திருந்ததை நீ பாராட்டி எழுத வேண்டும். வகுப்பில் பதினாறு பேர். நான்தான் எல்லோருக்கும் மூத்தவன். டீச்சர் சின்னப் பெண். "அய்யா, கோட்டைத் தாண்டாதீங்க" என்று என்னையே அதட்டுகிறாள். எனக்கு அது ரொம்பப் பிடிக்கிறது.

ஏன் இந்த வயதில் என்று கேட்பாய். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் என் கதையை என் கையால் எழுதி நான் படித்ததே இல்லை, அதனால் பொறுத்துக்கொள். மீன் ஏலக்கூடத்தில் முப்பத்தெட்டு வருஷம் ஏலம் கூவினேன். கூடத்தின் இந்த முனையில் நான் கூவினால் அந்த முனையில் படகு கட்டுகிறவன் திரும்பிப் பார்ப்பான். எனக்கு 'வெண்கலம்' என்றே பெயர். ஒன்பது வருஷத்துக்கு முன் கழுத்தில் தைராய்டுப் புற்றுநோய் வந்தது. சுரப்பி முழுவதையும் எடுத்தார்கள். நோய் போனது. கூடவே குரலும் போனது. மிஞ்சியது காற்றுதான். நீ போன் செய்தால் நான் ஹலோ சொல்வேன். நீ "லைன் கட் ஆயிடுச்சும்மா" என்பாய். பிறகு அம்மா பேசுவாள். நான் சொன்னதாக அவள் உன்னிடம் சொல்வதில் பாதி அவளுடைய சரக்கு. எனக்கு நேராகப் பேச ஒரு வழி வேண்டும் என்று தோன்றியது.

இப்போது கண்ணில் படுவதை எல்லாம் படிக்கிறேன். பஸ் போர்டு, மாத்திரை அட்டை, சோப்பு உறை. எதிர்வீட்டுக் கதவில் 'நாய் உள்ளது, கவனம்' என்று எழுதியிருக்கிறது. அந்த வீட்டில் நாயே கிடையாது. எழுத்திலும் பொய் வரும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இனி முக்கிய விஷயம். அலமாரியில் இருந்த என் ஆஸ்பத்திரி பைலை எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். எண்கள் எனக்கு முன்பே தெரியும், ஏலக்காரனுக்கு அது தெரியாமல் முடியாது. வருஷா வருஷம் ரத்தம் எடுக்கிறார்களே, அதில் தைரோகுளோபுலின் என்று ஒரு வரி இருக்கிறது. இந்தச் சொல்லை எழுத்துக்கூட்டி முடிக்க மூன்று நாள் ஆனது. முதல் ஐந்து வருஷமும் அதில் 0.1-க்கும் கீழே. ஆறாம் வருஷம் 0.2. பிறகு 0.4. பிறகு 0.8. போன மாதம் 1.7. ஏலத்தில் ஒருவன் இப்படி இரட்டித்து இரட்டித்துக் கேட்டான் என்றால் அவன் வேடிக்கை பார்க்க வந்தவன் இல்லை, வாங்கிப்போக வந்தவன்.

ரத்தப் பரிசோதனைக் கடையில் இருந்தவரிடம் போய்க் காட்டினேன். "தாத்தா, மூணுலேர்ந்து எழுபது வரைக்கும் இருக்கலாம்னு பக்கத்துலயே போட்டிருக்கு பாருங்க. உங்களுக்கு ரெண்டு கூட இல்ல. நார்மலுக்கும் நார்மல்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த மாதம் பெரிய ஆஸ்பத்திரிக்கே போகிறேன்.

பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்தி அனுப்பு.

உன் அப்பா

ஜனவரி 23

அப்பா,

திருத்த மாட்டேன். ஒரு புள்ளியைக்கூடத் தொட மாட்டேன்.

உங்கள் கடிதத்தைத் தரையிலிருந்து முப்பது மீட்டர் உயரத்தில், துறைமுகக் கிரேன் கேபினில் உட்கார்ந்து இடைவேளையில் படித்தேன். இடைவேளை முடிந்தும் நான் நெம்புகோலைத் தொடவில்லை. கீழே நின்று சைகை காட்டுகிற அண்ணன் வாக்கிடாக்கியில் கூப்பிட்டார். "என்னம்மா, வீட்ல ஏதாவது பிரச்சனையா?" என்றார். "எங்கப்பா எழுதிட்டாருண்ணே!" என்று கத்தினேன். "என்ன எழுதிட்டாரு, சொத்தையா?" என்றார். அன்றைக்கு முழுக்க யார்டில் இருந்தவர்கள் எல்லாம் எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள். பாதிப் பேர் எனக்கு வீடு கிடைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அம்மாவுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். பதினொரு மாதம்! எனக்குக்கூட நம்ப முடியவில்லை.

அந்த எண்களை நானும் எழுதிப் பார்த்தேன். அடுத்த மாதம் வேண்டாம், நாளைக்கே போங்கள். 'ஐந்து வருஷம் நன்றாக இருக்கிறது, இனி வீட்டுப் பக்கத்திலேயே ரத்தம் பார்த்துக்கொள்ளலாம்' என்று அவர்கள் சொன்னபோது நான் தலையாட்டியிருக்கக் கூடாது. நல்ல முடிவு வந்துவிட்டது என்ற நினைப்பில் நாம் எல்லோருமே அசந்துவிட்டோம். நீங்கள் ஒருவர்தான் அசரவில்லை.

அப்பா, பழைய காகிதங்களை எல்லாம் அதிகம் கிளற வேண்டாம். தேதி வரிசையாக இல்லை, தலைவலிதான் வரும். போன நான்கு வருஷத்து ரத்த ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துப் போங்கள், போதும். மீதியை நான் லீவில் வந்து அடுக்கித் தருகிறேன்.

உங்கள் மகள்

பிப்ரவரி 15

மகளே,

போனேன். காலை எட்டு மணிக்கு டோக்கன் வாங்கி, பன்னிரண்டரைக்கு டாக்டரைப் பார்த்தோம். இது பெண் டாக்டர், நம் பழைய டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார். நீ சொன்னாய் என்பதற்காக நான் பைலைக் குறைத்துக்கொண்டு போகவில்லை. முழுசாகக் கொண்டுபோனேன்.

டாக்டர் பைலைப் புரட்டுவதற்கு முன்பே ஒன்பது வருஷத்து எண்களையும் சிலேட்டில் வரிசையாக எழுதிக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "இதை யாரு கண்டுபிடிச்சது?" என்றார். நான் என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அம்மா உடனே ஆரம்பித்தாள், "டாக்டரம்மா, ஒரு நாளைக்கு நானூறு கூடை போகும், சாயங்காலம் வந்து அத்தனை விலையும் ஒப்பிப்பாரு, எனக்குத் தலையே வலிக்கும்." டாக்டர் சிரித்துவிட்டு விளக்கினார். அந்த மூன்று முதல் எழுபது என்பது கழுத்தில் தைராய்டு இருக்கிறவர்களுக்கான கணக்காம். "உங்களுக்குத்தான் அது இல்லையேய்யா! இல்லாத இடத்துல இது ஏறக்கூடாது. நீங்க வந்தது ரொம்ப நல்லது" என்றார். இருபத்துமூன்று வயதில் முதல் ஏலம் கூவி முடித்த அன்றுகூட நான் இப்படி நிமிர்ந்து நடந்ததில்லை.

ஸ்கேன் எடுத்தார்கள். கழுத்தில் வலது பக்கம், உள்ளே, ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாக ஒரு நெரிகட்டி. ஊசி குத்தி எடுத்துப் பார்த்தார்கள். அதே நோய்தான். திரும்பி வந்திருக்கிறது. அம்மா வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கால் மணி நேரம் பேசவே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

டாக்டர் படம் வரைந்து காட்டினார். குரலுக்கு இரண்டு நரம்பு. இடது நரம்பு போன ஆபரேஷனிலேயே போய்விட்டது. வலதுதான் வேலை செய்கிறது. கட்டி அந்த வலது நரம்பை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. எடுக்கலாம். எடுக்கும்போது அந்த நரம்பும் போனால் இந்தக் காற்றுக் குரலும் இருக்காது, மூச்சுக்குக் கழுத்தில் ஒரு துளை போட வேண்டி வரலாம். இல்லையென்றால் எடுக்காமல், ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் பார்த்துக்கொண்டு காத்திருக்கலாம். சிலருக்கு அது வருஷக்கணக்கில் அப்படியே இருக்குமாம். "யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

பிறகு அவர் சாதாரணமாக ஒன்று சொன்னார். "குரல் விஷயம் உங்களுக்குப் புதுசு இல்ல. போன தடவையே படிவத்துல சொல்லித்தானே கையெழுத்து வாங்கியிருக்காங்க." பைலில் இருந்து அந்தக் காகிதத்தை எடுத்து என் முன் வைத்தார். கீழே என் கைநாட்டு. ஒன்றிலிருந்து விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தேன். எட்டாவது வரி: 'குரல் நரம்பு பாதிக்கப்பட்டு, குரல் நிரந்தரமாக மாறவோ இழக்கவோ நேரலாம்.'

மகளே, எனக்கு ஞாபக சக்தி எப்படி என்று உனக்குத் தெரியும். அன்றைக்கு இந்தக் காகிதத்தை எனக்குப் படித்துக் காட்டியது நீ. ரத்தப்போக்கு பற்றிப் படித்தாய். மயக்க மருந்து பற்றிப் படித்தாய். ஏழாவதாகத் தழும்பு. அடுத்து கால்சியம் குறைவது. கால்சியம் ஒன்பதாவது வரி.

எட்டாவதை நீ எனக்குப் படிக்கவில்லை.

அப்பா

மார்ச் 2

அப்பா,

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இது நான்காவது.

படிக்கவில்லை. தெரியாமல் விட்டது இல்லை, தெரிந்தேதான் விட்டேன்.

அன்று காலை வார்டில் என்ன நடந்தது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பக்கத்துக் கட்டில்காரர் சோர்ந்து படுத்திருந்தார் என்று, அவர் போர்வையையே ஏலம் விட்டீர்கள். "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று நீங்கள் கூவ, மூன்றாவது மாடியிலிருந்து நர்ஸ்கள் ஓடி வந்தார்கள். வார்டே சிரித்தது. அவரே தன் போர்வையை விலைக்குக் கேட்டார். பத்து நிமிடம் கழித்து என் கையில் அந்தப் படிவத்தைக் கொடுத்தார்கள். எட்டாவது வரிக்கு வந்தபோது உங்கள் முகத்தைப் பார்த்தேன். இதைப் படித்தால் நீங்கள் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்து போய்விடுவீர்கள் என்று நினைத்தேன். போயிருந்தால் இரண்டே வருஷம் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். நூறில் இரண்டு மூன்று பேருக்குத்தான் குரல் போகும் என்றும் சொன்னார். அந்த இரண்டு மூன்று பேரில் எங்கப்பா வர மாட்டார் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அப்புறம் மூன்று வருஷம் நீங்கள் அந்த டாக்டரைத் திட்டினீர்கள். "சொல்லாம கொள்ளாம வெட்டிட்டான்" என்று சிலேட்டில் படம் போட்டுக் காட்டுவீர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன். அந்த மனிதர் சொல்லியிருந்தார் அப்பா. சொல்லாதது நான். இந்தத் துறைமுகத்துக்கு நான் வேலைக்கு வந்தது சம்பளத்துக்காக மட்டும் இல்லை. அந்தக் காற்றுக் குரலைத் தினமும் கேட்க என்னால் முடியவில்லை.

என் வேலையில் மேலே உட்கார்ந்திருப்பவளுக்குக் கீழே நடப்பது தெரியாது. சைகை காட்டுகிறவரின் கைதான் என் கண். போன வருஷம் புதிதாக ஒருவர் வந்தார். காற்று வேகம் கூடியதை என்னிடம் சொல்லவில்லை. கேட்டதற்கு, "நீங்க பயந்துடுவீங்கன்னுதான் சொல்லல" என்றார். இவரோடு வேலை செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொடுத்து அவரை மாற்றவைத்தேன். எழுதி முடிக்க எனக்கு ஒரு முழு இரவு ஆனது. ஏன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

மன்னித்துவிடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். இப்போது ஆபரேஷன் வேண்டாம். ஒரு சென்டிமீட்டர்தானே, காத்திருந்து பார்க்கலாம் என்று டாக்டரே சொல்கிறாரே. மிச்சம் இருக்கிற குரலையாவது வைத்துக்கொள்ளுங்கள். அதையும் என்னால் இழந்தீர்கள் என்று ஆகிவிடக் கூடாது.

மகள்

மார்ச் 16

உன் கடிதம் வந்தது. இரண்டு முறை படித்தேன். பதில் எழுத உட்கார்ந்தேன். ஏலக்கூடத்தில் பழகிய சொற்கள்தான் வருகின்றன. அவற்றுக்கு எழுத்து எங்கள் டீச்சர் சொல்லித் தரவில்லை.

அம்மா போனில் உன்னோடு அழுதாள் என்று தெரியும். அவளுக்கும் இது தெரியாதாம். நேற்று குழம்பில் உப்பே இல்லை. நானும் அப்படியே சாப்பிட்டேன்.

பிறகு எழுதுகிறேன்.

ஏப்ரல் 6

மகளே,

'எனக்குக் கோபம் இல்லை' என்று எழுதத் தொடங்கினேன். அது எதிர்வீட்டு நாய்ப் பலகை மாதிரி ஆகிவிடும். கோபம் இருக்கிறது. எதற்கு என்று கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது.

குரல் போனதற்கு இல்லை. நீ படித்திருந்தால் நான் எழுந்து போயிருப்பேன் என்கிறாய். போயிருக்கலாம். அல்லது அந்தக் கட்டிலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து யோசித்து, தொண்டை போனால் போகட்டும், பெண்டாட்டியும் பெண்ணும் இருக்கிறார்கள் என்று நானே விரலை மையில் தொட்டிருக்கலாம். எது நடந்திருக்கும் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. நான் எப்படிப்பட்ட ஆள் என்று நான் தெரிந்துகொள்ள ஒரு நாள் வந்தது. அந்த நாளை நீ எடுத்துக்கொண்டாய். கோபம் அதற்குத்தான்.

அதன் பிறகு ஒன்பது வருஷம் இருந்திருக்கிறேன். அதுவும் உன்னால்தான். ஒன்றை எழுதிவிட்டு இன்னொன்றை விடக்கூடாது, அதனால் இதையும் எழுதிவிட்டேன்.

இப்போது அந்த நாள் மறுபடி வந்திருக்கிறது. இந்த முறை என் கையில் விட்டுவிடு. நோட்டில் பதினொரு கேள்வி எழுதிக்கொண்டு டாக்டரிடம் போனேன். வெளியே காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அம்மா கதவருகே நின்று, "அவரு இப்பத்தான் படிக்கக் கத்துக்கிட்டாரு, கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். எவ்வளவு அவமானம், எவ்வளவு பெருமை! டாக்டர் பதினொன்றுக்கும் பதில் சொன்னார். குரல் நரம்பு எங்கே ஓடுகிறது என்று ஆபரேஷனின்போதே ஒலி எழுப்பிக் காட்டும் கருவி இருக்கிறதாம். ஆபத்து குறையும், ஆனால் போகாது. நூறில் ஐந்தாறு பேர். ஏழாவதாக நான் கேட்டது: "உங்கப்பாவா இருந்தா என்ன செய்வீங்க?" அவர் என் எண்களை இன்னொரு முறை பார்த்தார். "எண் அப்படியே நின்னிருந்தா காத்திருப்பேன். இது வருஷத்துக்கு வருஷம் இரட்டிக்குது. எடுத்துடுவேன்" என்றார்.

எனக்கும் அதே கணக்குதான். காத்திருக்கிற ஏலம் வேறு, ஏறுகிற ஏலம் வேறு. ஆபரேஷன் செய்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏப்ரல் 28.

நீ வா. ஆனால் எந்தக் காகிதத்தையும் தொடாதே.

அப்பா

ஏப்ரல் 14

அப்பா,

பத்து நாள் லீவு கேட்டேன். காரணம் என்ன என்று மேலாளர் கேட்டார். "எங்கப்பா ஒரு படிவம் படிக்கப் போறாரு" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அப்புறம் மற்றதையும் சொன்னேன். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

27 காலை வந்துவிடுவேன். காகிதத்தைத் தொட மாட்டேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.

மகள்

மே 9

அப்பா,

நேற்று திரும்பி வந்து சேர்ந்தேன். பத்து நாளும் நீங்கள் பேசக்கூடாது என்று டாக்டர் உத்தரவு. நான் பேச வேண்டியதைப் பேசத் தைரியம் இல்லை. அம்மா மூன்று பேருக்கும் சேர்த்துப் பேசினாள். அதனால் எழுதுகிறேன்.

27 சாயங்காலம் நீங்கள் பார்க்காத பக்கத்தைச் சொல்கிறேன். அந்த இளம் டாக்டர் படிவத்தோடு மைப்பெட்டியையும் சேர்த்துக் கொண்டுவந்தார். பழைய பைலைப் பார்த்திருப்பார். நீங்கள் மைப்பெட்டியை அவர் சட்டைப் பையிலேயே திருப்பிப் போட்டுவிட்டுக் கண்ணாடியை மாட்டினீர்கள். அவர் என்னைப் பார்த்து, "நீங்க படிச்சுக் காட்டிடுங்களேன், நான் அப்புறம் வரேன்" என்றார். என் கைகள் பின்னால்தான் இருந்தன. "அவரே படிப்பாருங்க" என்றேன். என் வாழ்க்கையில் இவ்வளவு பெருமையாக நான் எதையும் சொன்னதில்லை.

ஐம்பது நிமிடம் ஆனது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கம், பதினெட்டு வரி. ஒவ்வொன்றுக்கும் உங்கள் விரல் கடைசி எழுத்து வரை போய்விட்டுத்தான் கீழே இறங்கியது. அந்த டாக்டர் முதலில் நின்றார், பிறகு சுவரில் சாய்ந்தார், பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து உங்களோடு சேர்ந்து படிக்க ஆரம்பித்துவிட்டார். நடுவில் ஒரு இடத்தில் விரலை வைத்து அவரைக் கேட்டீர்கள். அவர், "நல்ல கேள்விங்கய்யா, இதை எங்கிட்ட இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல" என்றார்.

எட்டாவது வரியில் உங்கள் விரல் நின்றது. எல்லாவற்றையும்விட நீண்ட நேரம் நின்றது. எழுந்து போய்விடுவீர்கள் என்று அப்போதுகூட நினைத்தேன் அப்பா. நீங்கள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. ஒன்பதாவதுக்குப் போனீர்கள். கடைசியில் உங்கள் பெயரை முழுதாக எழுதினீர்கள், கோட்டைத் தாண்டாமல்.

அன்று காலை வார்டில் உட்கார்ந்து யோசித்திருக்கக்கூடிய மனிதர் யார் என்று எனக்கு இப்போது தெரியும். அவரை நம்பாமல் விட்டேன். என் வெட்கம் அதுதான்.

நரம்பு தப்பித்ததாகத்தான் நினைக்கிறோம், வாய் திறக்கும்போதுதான் தெரியும் என்று டாக்டர் சொன்னார். நான் கிளம்பும்போதும் உங்களுக்குப் பேச அனுமதி வரவில்லை. அம்மாவைப் போனில் கேட்டால், "அவரே எழுதுவாரு, எனக்கென்ன" என்கிறாள். இந்த வயதிலா அவள் ரகசியம் காக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்? குரல் வந்ததா இல்லையா? ஒரே வரி போதும்.

மகள்

மே 24

மகளே,

ஒரு வரி போதாது.

எழுத்து வழக்கத்தைவிட மோசமாக இருக்கும். கால்சியம் குறைந்து விரல் நுனிகள் மரத்துப்போயின. ஒன்பதாவது வரியில் போட்டிருந்தது, அப்படியே நடந்தது. மாத்திரை கொடுத்து, ஆஸ்பத்திரியிலேயே இன்னும் இரண்டு வாரம் வைத்துக்கொண்டார்கள். முந்தாநாள்தான் வீட்டுக்கு வந்தேன். கழுத்திலிருந்து ஒன்பது நெரிகட்டி எடுத்ததில் இரண்டில் நோய் இருந்தது. அந்தத் தைரோகுளோபுலின் எண்ணை அடுத்த மாதக் கடைசியில் பார்ப்பார்கள். அதற்குள் எதையும் சொல்ல முடியாது. இனி ஆறு மாதத்துக்கு ஒரு முறை பெரிய ஆஸ்பத்திரியிலேயே ரத்தமும் ஸ்கேனும். தேதிகளைக் காலண்டரில் நானே எழுதி வைத்துவிட்டேன்.

நீ கிளம்பிய மறுநாள் நடந்ததைச் சொல்கிறேன். பெண்கள் வார்டில் இடம் இல்லை என்று பக்கத்துக் கட்டிலுக்கு ஓர் அம்மா வந்தாள். துணி தேய்த்துக் கொடுக்கிற வேலை. எனக்கு முதலில் வந்த அதே நோய், அதே ஆபரேஷன். கையெழுத்துத் தெரியாது. புருஷன் பள்ளிக்கூடம் போனவர், பக்கத்தில் நின்று படிவத்தைப் படித்துக் காட்டினார். நான் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். ஆனால் அந்தக் காகிதம் எனக்கு மனப்பாடம் அல்லவா, கூடவே மனசுக்குள் சொல்லிக்கொண்டு போனேன். ஏழாவது, தழும்பு. அவர் நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். "அப்புறம் கால்சியம்..." என்றார்.

எனக்கு டாக்டர் உத்தரவு எல்லாம் மறந்துபோனது. எழுந்து உட்கார்ந்து, "நடுவுல ஒண்ண விட்டுட்டீங்க" என்றேன்.

ஆமாம், சத்தம் வந்தது. பழைய சாக்கைக் கிழித்த மாதிரி, முன்பைவிட இன்னும் தேய்ந்து. ஆனால் வந்தது, அந்த அம்மாவுக்குக் கேட்டது. உன் அம்மா பையைக் கீழே போட்டுவிட்டாள். அந்த அம்மாவின் புருஷன் என்னைக் கொல்கிற மாதிரி பார்த்தார்.

"என்னத்த விட்டீங்க?" என்று அவள் புருஷனைக் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லேன்னா படிங்க."

அவரால் முடியவில்லை. காகிதம் அவர் கையில் படபடவென்று அடித்துக்கொண்டது. கடைசியில் அதை என்னிடம் நீட்டினார். விரல் வைத்து, ஒரு சொல்லையும் விடாமல், நான் அவளுக்குப் படித்தேன். முடித்ததும் அவள் என் கழுத்தைப் பார்த்தாள்.

"உங்களுக்குப் போயிடுச்சா?"

"ஒரு பக்கம் போயிடுச்சு. இது மிச்சம்."

அவள் நிறையக் கேட்டாள். தண்ணீர் குடித்தால் புரையேறுமா, கடைத்தெருவில் கூப்பிட்டால் யாருக்காவது கேட்குமா, அழும்போது சத்தம் வருமா. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பிறகு புருஷன் பக்கம் திரும்பி, "நான் வாயடைச்சுப் போனா உங்களுக்குத்தானே நிம்மதி, நீங்க எதுக்கு இப்படி நடுங்குறீங்க?" என்றாள். அவர் சிரிக்க முயன்று அழுதார். "இப்பக் கைநாட்டு வைக்க மாட்டேன். நாளைக்குச் சொல்றேன்" என்று காகிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். மறுநாள் காலை அவளே டாக்டரைக் கூப்பிட்டு மைப்பெட்டி கேட்டாள்.

பேசியதற்கு எனக்கு டாக்டரிடம் நல்ல வசவு. பிறகு தொண்டைக்குள் சின்னக் கேமரா விட்டுப் பார்த்து, வலது நரம்பு அசைகிறது என்று அவரே கையைத் தட்டினார்.

ஆனால் நான் உனக்குச் சொல்ல வந்தது முந்தின நாள் சாயங்காலத்தைப் பற்றி. அவள் திரும்பிப் படுத்துக்கொண்ட பிறகு அந்த மனிதருக்கு எங்கே போவது என்று தெரியவில்லை. இரண்டு கட்டிலுக்கும் நடுவில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்து நின்றார். அவரைப் பார்க்கப் பார்க்க எனக்கு உன் முகம்தான் தெரிந்தது. அவரைத் திட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் காலை மடக்கி இடம் விட்டு, "இங்க வந்து உக்காருங்க" என்றேன்.

அப்பா